வழி பார்த்த பிள்ளையார்

அக்பர் பாஷா பாய் பொய் சொல்லி நான் ஒரே ஒரு முறைதான் கேட்டிருக்கிறேன். நான் பேச வேண்டிய இடத்தில் அவர் பேசிய பொய் அது. அவரைப் பற்றிச் சொல்ல நினைத்தாலே எனக்கு முதலில் அதுதான் வாயில் வருகிறது. ஆனால் அவர் வேலை செய்யும் விதத்தைச் சொல்லாமல் அதைச் சொன்னால் அதன் கனம் தெரியாது.

தேனாம்பேட்டையில், அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் சக்திவேல் அண்ணன் கார் சாமான் கடை வைத்திருக்கிறார். சீட் கவர், மேட், ஹாரன், இப்போது எல்லோரும் கேட்கிற டச் ஸ்கிரீன். கடைக்குள் ஒரு கார்தான் நிற்கும். மற்றவை வெளியே வேப்பமரத்தடியில் காத்திருக்கும். நான் உள்மூலையில் தையல் மிஷினில் உட்கார்ந்து சீட் கவர் தைக்கிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, இரண்டு மூன்று இடங்களில் இருந்துவிட்டு இங்கே வந்தேன். பதினாறு வருஷம் ஆகிறது. அந்த மூலையிலிருந்து பார்த்தால் கடை முழுவதும் தெரியும். அங்கே இருக்கும் என்னை யாரும் கவனிக்க மாட்டார்கள். எனக்கு அது சௌகரியமாக இருந்தது.

பாய்க்கு ஐம்பத்தாறு வயது. மீர்சாகிப்பேட்டையில் வீடு. இந்தக் கடைக்கு வந்து இருபது வருஷம். பத்தொன்பது வயதில் காருக்கு கேசட் பெட்டி மாட்ட ஆரம்பித்தவர். பெரிய ஸ்பீக்கர்களைச் சோதித்துச் சோதித்து இடது காது பாதி போய்விட்டது. நாம் வலது பக்கம் போய் நின்றுதான் பேச வேண்டும். கேசட் போய் சிடி வந்தது, சிடி போய் பென் டிரைவ் வந்தது, இப்போது மேப் பார்க்கிற, பாட்டுப் பாடுகிற, பின்னால் வருவதைக் காட்டுகிற ஸ்கிரீன் வந்திருக்கிறது. எது வந்தாலும் அந்தத் தெருவில் முதலில் கற்றுக்கொள்கிறவர் அவர்தான். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு ஃபோனில் எந்த ஊர்க்காரனோ டாஷ்போர்டைக் கழற்றுவதைப் பார்ப்பார். என்ன பாஷை என்று ஒருநாள் கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? வாயி ரஷ்யா பேசுது. கை தமிள்தான் பேசுது" என்றார்.

ஒரு டாஷ்போர்டைப் பிரித்தால் முப்பது நாற்பது திருகாணி வரும். பாய் அவற்றை முட்டை வைக்கிற அட்டைத் தட்டில், ஒரு குழிக்கு ஒரு இடத்துத் திருகாணி என்று போடுவார். ஒவ்வொரு குழிக்கும் ஒட்டுக்காகிதத்தில் நம்பர் எழுதுவார். பிரிப்பதற்கு முன்னால் ஃபோனில் ஒரு படம், மாட்டி முடித்ததும் ஒரு படம். "எட்த்தது எட்த்த எடத்துக்குப் போவணும். இல்லாங்காட்டி அது ரிப்பேர் இல்ல, திருட்டு" என்பார். படம் எடுக்காமல் அவர் ஒரு காரை வெளியே விட்டு நான் பார்த்ததில்லை.

அவருக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. டாஷ்போர்டில் ஒட்டியிருக்கும் சாமியை அவர் தொடமாட்டார். வெறுப்பில் இல்லை. "அவங்க ஊட்டு சாமி. நான் கருப்பு டேப்பு சுத்துன கையால அத்தப் புடுங்கினா நல்லாவா கீது?" என்பார். காருக்குச் சொந்தக்காரர் பக்கத்தில் இருந்தால் அவரையே எடுக்கச் சொல்வார். இல்லையென்றால், "லக்ஷ்மி, சாமி!" என்று என்னைக் கூப்பிடுவார். நான் கையைக் கழுவிவிட்டு வருவேன். சீட் தைக்கிற நைலான் நூலைச் சாமியின் அடியில் விட்டு இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் ஒட்டுப்பசை அறுந்து சாமி கையோடு வந்துவிடும். மிஷினுக்கு மேலே உள்ள பலகையில் சுத்தமான துணி விரித்து வைப்பேன். வேலை முடிந்ததும் புதுப்பசை வைத்து நானே திரும்ப ஒட்டுவேன். அந்தக் கடையில் தையலைத் தவிர எனக்கென்று இருந்த வேலை அது ஒன்றுதான்.

இந்த வருஷம் ஆடி முடிந்த வாரம், ஒரு புதன்கிழமை காலையில், வேதாந்தம் சாரும் காமாக்ஷி மாமியும் வந்தார்கள். மந்தைவெளியில் வீடு. சார் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபத்து நாலு வயது. கார் பதினெட்டு வருஷத்துப் பழைய சான்ட்ரோ. கேசட் பெட்டிகூட அப்படியே இருந்தது.

"எழுபது வருஷமா மயிலாப்பூர், மந்தைவெளி தவிர வேற ஊர் தெரியாது எனக்கு" என்றார் சார். "இப்ப நேத்திக்கு இருந்த தெரு இன்னிக்கு இல்லை. மெட்ரோ வேலைன்னு தகரத்தை வெச்சு மூடிடறான். அடையாறுல இவளுக்கு முட்டிக்குப் பயிற்சி, வாரத்துல மூணு நாள். முந்தாநாள் ஆத்துலேர்ந்து கிளம்பி, சுத்திச் சுத்தி மறுபடி ஆத்து வாசலுக்கே வந்து நிக்கறேன்."

"நான் பிரதட்சணம் பண்றார்னு நெனைச்சுண்டு பின்னால கைகூப்பிண்டு உக்காந்திருந்தேன்" என்றார் மாமி.

பாய் சிரித்துவிட்டார். "கவலப்படாத சார். இனிமே பொட்டியே வழி சொல்லும். தமிள்லயே சொல்லும்."

"யாரு, பொம்மனாட்டி குரலா?" என்று மாமி கேட்டார்.

"ஆமாம்மா."

"அம்பது வருஷமா நான் சொல்லி ஒரு தடவை திரும்பினதில்லை. அவ சொன்னா திரும்பறாரான்னு பாப்போம்."

பன்னிரண்டு மணிக்கு ராகு காலம், அதற்குள் வண்டியைக் கொடுத்துவிட வேண்டும் என்று சார் சொன்னார். அதனால் பாய் உடனே ஆரம்பித்தார். முட்டைத் தட்டு வந்தது. முதல் படம் எடுத்தார். "லக்ஷ்மி, சாமி!"

கட்டைவிரல் அளவு பித்தளைப் பிள்ளையார். டாஷ்போர்டின் நடுவில், முதுகை சீட்டுகளுக்குக் காட்டிக்கொண்டு, முகம் கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்து இருந்தார். நான் அதைக் கவனித்தேன். கவனிக்கவில்லை என்று சொல்ல எனக்கு வழியில்லை. கவனிப்பதைத் தவிர நான் வேறு என்ன செய்கிறேன்? நான் எடுத்த நூற்றுக்கணக்கான சாமிகளில் முக்கால்வாசி வண்டி ஓட்டுகிறவரைப் பார்த்துத்தான் இருக்கும். வெயிலில் பசை இளகி இவர் திரும்பிப் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பழைய கேசட் பெட்டி இருந்த குழி சின்னது. பாய் அதைச் சுற்றிச் சட்டத்தை வெட்டிப் புது ஸ்கிரீனை உட்கார வைத்தார். ஒயர்களை இணைக்கும்போது எப்போதும் சொல்வதையே அன்றும் தனக்குள் சொல்லிக்கொண்டார்: "மஞ்ச தூங்காது. செவப்பு, சாவி போட்டாத்தான் முழிச்சிக்கும். கருப்பு பூமி." ஸ்கிரீன் ஒன்பது அங்குலம். அதன் தலை டாஷ்போர்டுக்கு மேலே எழும்பி, பிள்ளையார் இருந்த இடத்தை மறைத்தது. அவரை இரண்டு விரல் தள்ளி ஒட்ட வேண்டும்.

பாய் அப்போது பின் சீட்டுக்கு அடியில் கேமரா ஒயரை இழுத்துக்கொண்டிருந்தார். "எப்டி எட்த்தியோ அப்டியே வையி" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

மாமி வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எனக்கும் அவருக்கும் நடுவில் பத்தடிகூட இருக்காது. பிள்ளையார் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. மாமி ஃபோனில் யாரிடமோ பேச ஆரம்பித்தார். முடிக்கட்டும் என்று நின்றேன். முடித்தார். பிறகும் எனக்கு வாய் வரவில்லை. தெரியாதவர்களிடம் நானாகப் போய்ப் பேசுவது சின்ன வயதிலிருந்தே எனக்கு மலை ஏறுகிற மாதிரி. சாமி மனிதர்களைப் பார்த்து இருப்பதுதானே முறை என்று நானே முடிவு செய்து, பிள்ளையாரை உள்பக்கம் திருப்பி ஒட்டி, விரலால் அழுத்திப் பிடித்தேன்.

பாய் எழுந்து வந்து ஃபோனைத் தூக்கிப் படம் எடுத்தார். அப்போதும் என் கை பிள்ளையார் மேல்தான் இருந்தது. மணி பதினொன்றே முக்கால். படத்தைப் பார்க்க அவருக்கு நேரமில்லை. சார் சாவியோடு ஓடி வந்து வண்டியை எடுத்தார். "நூறு மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்" என்று அந்தப் பெண் குரல் சொல்லிக்கொண்டே தெருமுனையில் மறைந்தது.

சனிக்கிழமை கார் திரும்பி வந்தது. முன் பம்பரின் இடது மூலை உடைந்து தொங்கியது. மாமியின் வலது மணிக்கட்டில் கட்டு.

அடையாறிலிருந்து திரும்பும்போது அந்தக் குரல் ஒரு தெருவுக்குள் போகச் சொல்லியிருக்கிறது. அந்தத் தெருவைக் காலையில்தான் மூடியிருந்தார்கள். சார் ஸ்கிரீனைப் பார்த்தபடியே போய்த் தகரத்தில் இடித்துவிட்டார். பின்னால் உட்கார்ந்திருந்த மாமியின் கை முன் சீட்டில் மோதிச் சுளுக்கிக்கொண்டது.

"இடிச்சது என் தப்பு" என்று சார் முதலிலேயே சொன்னார். "அதுக்கு நான் யாரையும் குத்தம் சொல்லலை. ஆனா அந்த ஸ்கிரீனையே பாத்துண்டு ஓட்டினதுல அதுவரைக்கும் கவனிக்கலை, இறங்கி முன்பக்கம் வந்து பாத்தா, பிள்ளையார் முதுகைக் காட்டிண்டு உக்காந்திருக்கார். அதுதான் இவளுக்குத் தாங்கலை."

"வண்டி வாங்கின அன்னிக்கு என் கையால ஒட்டினேன்" என்றார் மாமி. "ரோட்டைப் பாத்துண்டு இருக்கணும்னுதான் அப்படி வெச்சது. வழி பாக்கறது அவர் வேலை. பதினெட்டு வருஷம் ஒரு கீறல் இல்லை."

"யார் திருப்பி வெச்சா?" என்று சார் கேட்டார்.

என் கால் மிஷின் பெடலில் இருந்தது. கடையில் இருந்த நான்கு பேரில் ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை.

சக்திவேல் அண்ணன், "நீ ஃபோட்டோ எடுப்பியே பாய், காட்டு. எப்படி இருந்துச்சுன்னு பாத்துடலாம்" என்றார்.

பாய் ஃபோனை எடுத்தார். கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்ததை நான் பார்த்தேன். அந்தப் படத்தில் பிள்ளையார் மேல் என் கை இருந்திருக்கும். பிறகு ஃபோனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"எடுக்கல நைனா. அன்னிக்கி அவசரத்துல மறந்துட்டேன்."

"மறந்துட்டியா? நீயா?"

"மறந்துட்டேன். சாமிய நான்தான் வெச்சேன். தெரியாம திருப்பி வெச்சிட்டேன். மன்னிச்சிக்கோம்மா."

சக்திவேல் அண்ணனின் முகம் மாறியது. "உன்னை யாரு பாய் சாமி மேல கை வைக்கச் சொன்னது?"

இருபது வருஷமாகச் சாமியைத் தொடாமல் இருந்த மனிதரைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது. பாய் தரையைப் பார்த்தார். "நான்தான் வெச்சேன்" என்று சொல்ல எனக்கு அந்த நேரம் போதும். என் கால் பெடலை அழுத்திவிட்டது. மிஷின் கடகடவென்று ஓடியது. தையலே தேவையில்லாத இடத்தில் ஒரு முழ நீளத்துக்குத் தைத்துக்கொண்டு போனேன்.

"அப்படியெல்லாம் பேசாதீங்கோ, பெரிய வார்த்தை" என்று சார்தான் சங்கடப்பட்டார். மாமி நல்ல கையால் பிள்ளையாரைப் பிய்த்து எடுத்து, தெருவைப் பார்த்துத் தானே வைத்துவிட்டுக் கிளம்பினார்.

அன்று சாயங்காலம் சக்திவேல் அண்ணன் பாயிடம், இனிமேல் சாமி இருக்கிற வண்டியின் டாஷ்போர்டைத் தொட வேண்டாம் என்றார். "உன்மேல எனக்கு ஒண்ணும் இல்ல. கஸ்டமர் நாலு பேர் நாலு விதமா பேசுவான், அதான்." சாமி இல்லாத வண்டி எங்கள் கடைக்கு எத்தனை வரும்? பாய் மேட் வெட்டவும் ஹாரன் மாட்டவும் போனார். ஸ்கிரீன் வேலையெல்லாம் அடுத்த தெருக் கடைக்குப் போனது. முட்டைத் தட்டு அலமாரிக்கு மேலே ஏறியது.

மூன்றாம் நாள் டீ குடிக்கும்போது அவருடைய வலது பக்கம் போய் நின்றேன்.

"பாய், அன்னிக்கி அந்தப் பிள்ளையார்..."

"நூலு தீந்துட்ச்சா? சக்திகிட்ட சொல்லு, வாங்கினு வருவான்."

"அது இல்ல பாய்."

அவர் டீயை ஒரு வாய் குடித்தார். "இங்க பாரு லக்ஷ்மி. இந்த மிஷின வுட்டா உனக்கு இன்னா கீது? புது எடத்துல போயி நாலு பேருகிட்ட பேசி ஒரு வேலை கேப்பியா நீ? எனக்கு அப்டியில்ல. எங்க போனாலும் ஒயர் ஒயர்தான். கிண்டில ஒரு ஒர்க்ஷாப்ல கூப்பிட்டுக்கினே கீறான்."

"போயிடுவீங்களா?"

"ஊட்ல ஷகீலா திட்றா. மேட்டு வெட்றதுக்கா முப்பத்தேழு வருஷம் தொழில் கத்துக்கினன்னு. ஒண்ணாந்தேதி பாப்போம்."

அவர் சொன்னதில் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவரே எனக்குக் காரணம் கொடுத்துவிட்டார், நான் பேச வேண்டியதில்லை என்று நினைத்தேன். அந்த நிம்மதி வீட்டுக்குப் போய்ச் சேருகிற வரைகூட இருக்கவில்லை. பஸ்ஸில் முன்னால் இருந்தவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, அவர் தரையைப் பார்த்த முகம் நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு தினமும் வந்தது. நான் தப்பாகத் தைத்த அந்த ஒரு முழத் தையலைப் பிரிக்கவும் மனமில்லாமல் அப்படியே மடித்து வைத்திருந்தேன்.

பதினோராம் நாள் மாமி தனியாக ஆட்டோவில் வந்தார். கார் பெயின்ட் அடிக்கப் போயிருந்தது. முதுகுக்கு வைத்துக்கொள்ள ஒரு மெத்தை தைக்க வேண்டுமாம். சக்திவேல் அண்ணன் வாசலில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். பாய் வெளியே ஒரு காருக்கு அடியில் படுத்து ஹாரன் மாட்டிக்கொண்டிருந்தார். மாமி என் மிஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் அளவு நாடாவை அவர் முதுகில் வைத்தேன். முகம் தெரியாததால்தானோ என்னவோ, வாய் வந்தது.

"மாமி, பிள்ளையாரைத் திருப்பி வெச்சது பாய் இல்ல. நான்."

மாமி திரும்பவில்லை. "தெரியும்" என்றார்.

நான் நாடாவைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

"பெஞ்சுல உக்காந்துண்டு பாத்துண்டுதானே இருந்தேன். கண்ணாடியில வெயில் அடிச்சது, பிள்ளையார் தெரியலை. வளையல் போட்ட கை தெரிஞ்சுது. பாய் எங்கே வளையல் போட்டுண்டிருக்கார்?"

"அப்ப ஏன் மாமி..."

"ஏன் சொல்லலைங்கறியா? உன்னைச் சொன்னா உன் வேலை போயிடுமோன்னு தோணித்து. அவரே நான்தான்னு சொல்லிட்டார், எல்லாருக்கும் சௌகரியமா முடிஞ்சு போச்சுன்னு ஆத்துக்குப் போயிட்டேன்." மாமி கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டார். "அன்னிக்கு ராத்திரிலேர்ந்து எங்காத்துக்காரர் பாட்டுக் கேக்கறச்சேயெல்லாம் அந்தப் பாய் கண்ணுக்குள்ள வரார். மெத்தையெல்லாம் ஆத்துல ரெண்டு இருக்கு. சும்மாதான் வந்தேன். வந்தும் எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியலை. நீ ஆரம்பிச்சுட்டே."

பார்த்தவர்கள் இரண்டு பேர். இரண்டு பேரும் ஒரே மாதிரி வாயை மூடிக்கொண்டிருக்கிறோம். துணைக்கு ஒருவர் கிடைத்தால் பாரம் குறையும் என்பார்கள். எனக்குக் குறையவில்லை.

மாமி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இருவரும் வாசலுக்குப் போனோம். நான் சக்திவேல் அண்ணனிடம் சொன்னேன். அழுகையில் என்ன வார்த்தையில் சொன்னேன் என்று நினைவில்லை. வேலை போகும், போனால் வீட்டில் என்ன சொல்வது என்பது வரை யோசித்து வைத்திருந்தேன்.

அவர் சிரித்தார்.

"அட, நீயா? இதுக்கா இப்படி அழுவுற? சரி வுடு, அடுத்த தபா கேட்டுட்டு வை."

அவ்வளவுதான். அதே பிள்ளையார், அதே பசை, அதே திருப்பம். பாயின் கையில் அது இருபது வருஷ மரியாதையைத் தின்றுவிட்டது. என் கையில் அது ஒரு சிரிப்போடு முடிந்தது. அண்ணன் என்னைத் திட்டியிருந்தால், வேலையை விட்டுப் போகச் சொல்லியிருந்தால்கூட அன்று எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்திருக்கும்.

காமாக்ஷி மாமிதான் விடவில்லை. "அவர்கிட்ட என்ன கேட்டேளோ, அதையே இவகிட்டயும் கேக்க வேண்டாமா? சாமி மேல யார் கை வைக்கச் சொன்னான்னு?" என்றார். காருக்கு அடியில் இரண்டு கால்கள் அசையாமல் கிடந்தன. பாயின் வலது காது எங்கள் பக்கம்தான் இருந்திருக்க வேண்டும்.

அண்ணன் குனிந்து, "பாய், வெளிய வா. டீ சாப்பிடலாம். மனசுல வெச்சிக்காத. நீ அப்பவே சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

"சொல்லியிருந்தா?" என்று காருக்கு அடியிலிருந்து கேட்டார் பாய். ஹாரனை ஒருமுறை அடித்துப் பார்த்தார்.

முட்டைத் தட்டு அலமாரியிலிருந்து இறங்கியது. பாய் கிண்டிக்குப் போகவில்லை. ஆனால் சாமி உள்ள கார் வந்தால் இப்போது அவர் என்னைக் கூப்பிடுவதில்லை. காருக்குச் சொந்தக்காரர் எங்கே இருந்தாலும், டீக்கடையில் இருந்தால்கூட, போய் அழைத்துவந்து அவரையே எடுக்கச் செய்கிறார். அதில் கோபம் இல்லை. ஆனால் "லக்ஷ்மி, சாமி!" என்ற அந்தக் குரலுக்காக என் காது இன்னும் காத்திருக்கிறது.

போன வாரம் சான்ட்ரோ மறுபடி வந்தது. ஸ்கிரீனின் சட்டத்தில் ஏதோ கடகடக்கிறது, பிரித்துப் பார்க்க வேண்டும் என்றார் சார். பிள்ளையார் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"பாய், நீங்களே எடுங்கோ. நான் சொல்றேன்" என்றார் மாமி.

பாய் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் பிள்ளையாரையே பார்த்தார். பிறகு மூலைப் பக்கம் திரும்பாமலே, "லக்ஷ்மி, சாமி" என்றார்.

கையைக் கழுவிக்கொண்டு நூலோடு போனேன். நூலை அடியில் விட்டு இழுப்பதற்கு முன்னால் மாமியிடம் திரும்பி, "தெருவைப் பார்த்துத்தானே மாமி?" என்று கேட்டேன். தெரிந்த பதில்தான். இருந்தாலும் கேட்டேன். மாமி தலையாட்டினார்.

பாய் எதிரே வந்து நின்று ஃபோனைத் தூக்கினார். நான் வழக்கம்போல் கையை மட்டும் நீட்டி, தலையைக் கதவுப் பக்கம் ஒதுக்கிக்கொண்டேன்.

"அப்டி ஒளியாத" என்றார். "கை மட்டும் வந்தா பத்தாது. இந்தத் தபா மூஞ்சியும் வரணும்."

நிமிர்ந்து பார்த்தேன். ஃபோன் அவர் முகத்தை மறைத்திருந்தது. சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.